மதுரை வெயிலில் தவக்காலம்: சாம்பல் புதன் முதல் பெந்தகோஸ்து வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஈஸ்டர் நெருங்கினால் போதும், பனி உருகும் மலைச்சரிவு, மஞ்சள் டாஃபடில் பூ, முயல்குட்டி என்று வாட்ஸ்அப் நிறைந்துவிடும். 'குளிர் போனது, உயிர் வந்தது' என்கிற மாதிரி கீழே ஒரு வரியும் இருக்கும். மதுரையில் இருப்பவருக்கு இதில் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. மாசி, பங்குனியில் நமக்கு வெயில் ஏறத்தான் தொடங்குகிறது. வைகை மணலாகிறது, கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடிக்கிறது. அதே வாரங்களில், ஒரு சொட்டு மழை இல்லாமல், வேம்பு தளிர் விடுகிறது.

இயேசு வாழ்ந்த நாட்டு வசந்தமும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் கொண்டாடும் பாஸ்கா சமயத்தில் மழை ஓய்ந்து, பார்லிக் கதிர் முற்றி, கோடை எட்டிப் பார்க்கும். மாற்கு 13:28-ஐ எடுத்துப் பாருங்கள்: அத்தி மரத்தின் கிளை தளிர்த்து இலை விட்டால் கோடை நெருங்கிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும் என்கிறார் ஆண்டவர். தளிரும் வெயிலும் சேர்ந்தே வரும் ஊரில் பேசிய பேச்சு அது. அதனால், உயிர்ப்பைப் பற்றி யோசிக்க ஐரோப்பியப் பனியைக் கடன் வாங்க வேண்டியதில்லை, நம் தெரு மரமே போதும் என்பது என் கட்சி. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த எண்ணத்தில் எழுதியவை. நான் பழகியது கத்தோலிக்க முறை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழக்கம் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: நாளைக் குறியுங்கள்

மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். திருச்சபை தன் சொந்த அட்டவணைப்படி பௌர்ணமியைக் கணக்கிடுவதால் வானத்து நிலவோடு எப்போதாவது ஒரு நாள் முன்பின் ஆகும். ஆக, ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டாது. அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். நடுவில் வரும் 6 ஞாயிறுகளை நோன்பில் சேர்ப்பதில்லை. மீதி 40.

2026-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-ல் பிப்ரவரி 10, மார்ச் 28. 2028-ல் மார்ச் 1, ஏப்ரல் 16.

நிலவைப் பார்த்து நாள் குறிப்பதால் நம் ஊர்த் திருவிழாக்களோடு இது அடிக்கடி உரசும். பல ஆண்டுகளில் திருப்பரங்குன்றம் பங்குனிப் பெருவிழாவும் ஈஸ்டருக்கு முந்தின புனித வாரமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். தள்ளி வரும் ஆண்டுகளில் சித்திரைத் திருவிழாவே குறுக்கிடும். 2019-ஐ மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 18 பெரிய வியாழன். அன்றைக்கே மீனாட்சி அம்மன் தேரோட்டம், அன்றைக்கே நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. மதுரையில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப்போட விட்டார்கள். மறுநாள் பெரிய வெள்ளி, அதே காலையில் அழகர் வைகையில் இறங்கினார். இப்படிப்பட்ட ஆண்டில் வழிபாட்டுக்குப் போகும் வழியையும், பேருந்து திருப்பிவிடும் இடங்களையும் முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதை யாரும் எந்தக் கோயிலிலும் சொல்லித் தர மாட்டார்கள். ஆனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம், நீங்கள் தினமும் கடக்கும் வழியில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேம்பு, புங்கை, அரசு மூன்றும் நல்லவை. தென்னை வேண்டாம், அதில் பருவம் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், அதன் கீழே ஐந்து நிமிடம் நில்லுங்கள். போனை வெளியே எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து நோட்டில் ஒரு வரி எழுதினால் போதும்: பழுத்த இலை எவ்வளவு, காம்பில் மொட்டு தெரிகிறதா, கீழே குப்பை எவ்வளவு.

வேம்பில் மாசியில் இலை மஞ்சளாகிக் கொட்டும். வாசல் கூட்டுகிறவர் திட்டும் காலம் அது. பிறகு செம்பு நிறத்தில் தளிர் வரும். பங்குனி, சித்திரையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. புங்கை இன்னும் வேகம். மொட்டையாக நின்ற மரம் கண்ணைப் பறிக்கும் இளம்பச்சைக்கு மாறி, ஏப்ரல் வெயிலுக்கு முன் அடர்ந்த நிழல் தந்துவிடும். அரசந்தளிர் வெயில் பட்டால் சிவந்து மின்னும்.

மழை இல்லாமல் இது எப்படி? இந்த மரங்களின் வேர் ஆழமானது. பழைய இலையை உதிர்த்ததும் நீர் ஆவியாவது குறையும். தண்டிலும் வேரிலும் மிச்சமிருக்கும் ஈரத்தைக் கொண்டு மழைக்கு முன்பே இலை விட்டுவிடும். இலை தின்னும் பூச்சிகள் மழையோடுதான் பெருகும், அதற்குள் தளிர் முற்றித் தப்பித்துக்கொள்ளும். மழை வரும் நாளில் இலை வேலைக்குத் தயாராக இருக்கும்.

தவக்காலத்தில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது. கஷ்டம் தீர்ந்த பிறகு ஆறுதல் வரும் என்று எதிர்பார்க்கத்தான் நமக்குப் பழக்கம். மரம் அப்படிக் காத்திருப்பதில்லை. இயேசுவின் கல்லறையும் வெளியே எதுவும் மாறாத ஒரு விடியலில்தான் திறந்தது: அவருக்குச் சாவுத் தீர்ப்பிட்ட பிலாத்து பதவியில் இருந்தான், ரோமைப் படை தெருவில் இருந்தது, சீடர்கள் கதவைத் தாழிட்டு உள்ளே இருந்தார்கள்.

படி 3: சாம்பல் புதன்

போன ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று வாங்கி வீட்டில் செருகி வைத்த ஓலையை முந்தின ஞாயிறே கோயிலில் சேர்த்துவிடுங்கள். அதை எரித்துத்தான் சாம்பல் செய்கிறார்கள். புதன்கிழமை காலை வேலைக்குப் போகும் முன்போ, மாலையிலோ போய் நெற்றியில் பூசிக்கொள்ளலாம். அலுவலகத்தில் யாராவது கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விளக்க வேண்டாம். அன்றைய நற்செய்தி மத்தேயு 6. நோன்பை ஊருக்குத் தெரியும்படி வைக்காதே என்பதுதான் அதன் சாரம்.

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சாம்பல் புதன் இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்க வேண்டிய நாள். இயேசு சபையின் மதுரை மிஷனைச் சேர்ந்த குரு அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, ஓரியூரில் வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. அந்த ஆண்டு ஈஸ்டர் மிக மிக முன்னதாக, மார்ச் 22-ல் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர் இறந்தது சாம்பல் புதனன்று. அதைவிட முந்திச் சாம்பல் புதன் வரவே முடியாது. இனி அப்படி வரப்போவது 2285-ல்.

படி 4: நோன்பு

முதலில் சட்டம். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி: ஒருவேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் கொஞ்சமாக, அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வரக்கூடாது. 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயதுவரை இது கட்டாயம். அந்த இரண்டு நாளும், தவக்கால வெள்ளிகளும் சுத்தபோசனம், கறி கிடையாது. இது 14 வயதிலிருந்து. சி.எஸ்.ஐ.யில் லெந்து (தவக்கால) நோன்புக்கு இப்படிக் கறாரான வயதுக் கணக்கு இல்லை, அவரவர் மனம். ஆனால் 40 நாளும் அசைவத்தைத் தொடாத குடும்பங்கள் இரண்டு பக்கமும் உண்டு.

இனி நடைமுறை. மார்ச்சில் மதுரை வெயில் விளையாட்டல்ல. தண்ணீரை நிறுத்தாதீர்கள், எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. காலையில் நீராகாரம், மதியம் சோறு, இரவு கஞ்சி என்று வைத்துக்கொண்டால் நின்று வேலை செய்கிறவரும் தாக்குப்பிடிக்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் பட்டினி கிடக்கவே வேண்டாம். வேறு எதையாவது விடுங்கள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை நோன்பு இருக்கச் சொல்லிப் படுத்தாதீர்கள். பிளஸ் டூ தேர்வே ஒரு தபசுதான்.

எதை விடுவது? சாக்லேட்டை விடுகிறேன் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எடை குறைப்பதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இந்த ஊர்ப் பெண்கள் பழைய வழக்கப்படி விடும் ஒன்றைச் சொல்கிறேன்: பூ. தவக்காலம் முழுக்கத் தலையில் பூ வைக்க மாட்டார்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, பனிக்காலத்து யானை விலையிலிருந்து இறங்கி, மாட்டுத்தாவணிச் சந்தையில் குவியத் தொடங்குவது சரியாக இந்த மாதங்களில். தெருமுனையில் முழம் போட்டு விற்பார்கள், மணம் பேருந்துக்குள் வரும். அதைத் தாண்டி வெறுங்கொண்டையோடு போவது பெரிய நோன்பு. கோயிலிலும் அதே கதைதான். தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ அலங்காரம் கிடையாது, நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் மட்டும் விலக்கு. ஆண்கள் இதற்கு ஈடாக எதை விடலாம் என்பதை அவரவர் வீட்டில் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்ற பெயரில் துறவியாக வாழ்ந்தபோது நாளுக்கு ஒருவேளைதான் சாப்பிட்டார், அதுவும் மரக்கறி. தவக்காலம் என்றில்லை, ஆண்டு முழுக்க.

படி 5: பிடியரிசி

நோன்பில் மிச்சமானது நம் பையிலேயே தங்கிவிட்டால் அது சிக்கனம் மட்டும்தான். எசாயா 58 இதைத்தான் காட்டமாகக் கேட்கிறது: பசித்தவனோடு உன் உணவைப் பகிராத நோன்பு எதற்கு?

சபைப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த பிடியரிசி வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அடுப்பங்கரையில் ஒரு தனி டப்பா. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுங்கள். பிடி சுமார் 50 கிராம் என்றால் 40 நாளில் 2 கிலோ. சின்னக் கணக்குதான். ஆனால் ஒரு அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) 25 வீடு சேர்ந்தால் 50 கிலோ, ஒரு மூட்டை. யாருக்குக் கொடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள், கடைசி நேரத்தில் யோசித்தால் வண்டு வைத்துவிடும். கூடவே வாசலில் ஒரு மண்பானைத் தண்ணீரும் டம்ளரும் வையுங்கள். தினமும் கழுவி நிரப்ப ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் கொசு வளர்ப்பீர்கள்.

2025-ல் ரமலானும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. அப்படிப்பட்ட ஆண்டில் பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தால், வெள்ளிக்கிழமை மட்டும் அதில் கறி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: வெள்ளிக்கிழமைகள்

மாலையில், இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் சிலுவைப் பாதை, 14 நிலைகள். கோயிலுக்குப் போக முடியாதவர்கள் மொட்டை மாடியில் செய்யலாம். வெயில் தாழ்ந்த பிறகு 14 இடத்தில் நின்று நடந்தால் அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு நிலையிலும் நீளமாக வாசிக்காதீர்கள். ஒரு வசனம், ஓர் ஆளின் பெயர், அவருக்காக ஒரு செபம்.

ஏதாவது ஒரு வெள்ளியோ சனியோ வெளியூர் போக நினைத்தால் இடைக்காட்டூர் நல்லது. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில், சுமார் 35 கி.மீ. 1894-ல் கட்டிய திரு இருதய ஆலயம், பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து எழுப்பியது. சுற்றிலும் வயல், கண்மாய், கருவேலங்காடு. அந்தக் கூரான கோபுரம் திடீரென்று எழுந்து நிற்பதைப் பார்க்கவே போகலாம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், மதியம் சாலையில் கானல்தான் ஓடும்.

குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, 1969-க்கு முன்பிருந்த பழைய நாட்காட்டியில் மரியாவின் ஏழு வியாகுலங்களை நினைக்கும் நாள். கிழக்கு வெளி வீதியில் இருக்கும் பேராலயமே வியாகுல அன்னைக்கு உரியது என்பதால், மதுரையில் இருப்பவர்கள் அந்த மாலை அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்காருவது பொருத்தம்.

குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைப் புனித வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வரிசை நீளம், சாமியாருக்கும் களைப்பு.

படி 7: புனித வாரம்

குருத்து ஞாயிறு: பவனி வெயிலில் போகும், குழந்தைகளுக்குச் செருப்பும் தண்ணீரும் கட்டாயம். ஓலையைச் சிலுவையாகப் பின்னுவதைப் பச்சையாக இருக்கும்போதே செய்யுங்கள்.

பெரிய வியாழன் மாலை பாதம் கழுவும் சடங்கு. 2016-லிருந்து பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றினார். நம் பங்குகளில் இது இன்னும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மாறாத இடங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். வானவர் கீதம் என்னும் புகழ்ப்பாடலைப் பாடும்போது மணி அடிக்கும், அதன்பின் சனி இரவுவரை மணி ஓசையே இருக்காது, மரக்கட்டையைத் தட்டித்தான் அழைப்பார்கள்.

வீட்டில் அன்றிரவுச் சாப்பாட்டுக்கு ஒரு யோசனை. விடுதலைப் பயணம் 12:8-ல் பாஸ்கா உணவோடு கசப்புக் கீரை உண்ணச் சொல்லியிருக்கிறது. நமக்கு அந்த வாரத்தில் கசப்பு மரத்திலேயே பூத்திருக்கும். வேப்பம்பூவைத் துணி விரித்து உதிர்த்து, நெய்யில் கருகாமல் வறுத்து ரசத்தில் போடுங்கள். நீங்கள் 40 நாள் பார்த்துவந்த மரம் வேம்பு என்றால் அதன் பூவையே எடுக்கலாம். குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். எகிப்தின் கதையைச் சொல்ல அதுதான் நேரம். இரவு ஆராதனைக்குப் போனால் வெளியே வந்து ஒருமுறை வானத்தைப் பாருங்கள். பாஸ்கா முழுநிலவுத் திருநாள் என்பதால் இயேசு கைதான கெத்சமனித் தோட்டத்திலும் நிலவு இருந்திருக்கும். 2026-ல் பெரிய வியாழனும் பௌர்ணமியும் ஒரே நாள்.

பெரிய வெள்ளி திருப்பலி இல்லாத நாள். மூன்று மணிக்கு ஒட்டித் திருப்பாடுகளின் வழிபாடு, சிலுவை முத்தி. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் 12 முதல் 3 மணிவரை சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகள் மேல் தியானம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்பது இந்தத் தலைமுறைக்கு முடியாது என்பார்கள், ஆனால் கூட்டம் குறைவதாக எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் பல இடங்களில் கஞ்சி ஊற்றுவார்கள். குடித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போங்கள், டிவி வேண்டாம்.

பெரிய சனி பகலில் எந்தச் சடங்கும் இல்லை. அந்த வெறுமையை வாசல் கழுவி, பலகாரம் சுட்டு நிரப்பிவிடுகிறோம். ஒரு மணி நேரமாவது சும்மா இருங்கள். யோவான் 12:24-ல் வரும், மண்ணில் விழுந்த கோதுமை மணிக்கு உரிய நாள் இது.

இரவு பாஸ்கா திருவிழிப்பு. ஆண்டின் மிக அழகான வழிபாடு, ஆனால் நீளம். குழந்தைகளை மாலையில் தூங்க வையுங்கள். பல இடங்களில் நள்ளிரவை ஒட்டித்தான் தொடங்கும். விளக்கெல்லாம் அணைத்து, வெளியே புதுத் தீ மூட்டி, அகரமும் னகரமும் (முதலும் முடிவும் என்று பொருள்) அந்த ஆண்டின் இலக்கங்களும் பொறித்த பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். அதிலிருந்து கைத்திரிக்குக் கைத்திரியாக ஒளி பரவும். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. பங்குகளில் குறைத்துக்கொள்வார்கள், ஆனால் செங்கடல் கடந்ததை விடவே கூடாது. முதல் வாசகம் படைப்பு. மண் புல்லையும் மரத்தையும் முளைப்பிக்கட்டும் என்ற இடம் வரும்போது உங்கள் நோட்டு நினைவுக்கு வந்தால் நல்லது. பிறகு மணிகள், அல்லேலூயா. அந்த இரவு மல்லிச்சரத்தைக் கையோடு கொண்டுபோய், வானவர் கீதம் முடிந்ததும் வைத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வழிபாட்டு நூலில் இல்லாத சடங்கு, சேர்க்கலாம் என்பேன்.

படி 8: ஈஸ்டர் காலை

சி.எஸ்.ஐ.யில் விடிவதற்கு முன்பே ஆராதனை தொடங்கிவிடும். சில சபைகளில் கல்லறைத் தோட்டத்துக்கே போவார்கள். திருவிழிப்புக்குப் போன கத்தோலிக்கர் தூங்கி எழுந்து, பிரியாணிக்கு முன்பு ஒரு வேலை செய்யலாம். மரத்தடிக்குப் போய் யோவான் 20-ஐச் சத்தமாக வாசியுங்கள். கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது என்று யோவான் மட்டும்தான் சொல்கிறார். மகதலா மரியா இயேசுவைப் பார்த்து, தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். காலையில் செடிகளுக்கு நடுவே நிற்கும் ஆளை அப்படித்தானே நினைக்கத் தோன்றும்? பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் ஆள் தெரிகிறது. முட்டைக்குச் சாயம் பூசுவதில் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் இந்த வாசகத்தை விட்டுவிட்டு முட்டையோடு நின்றுவிடாதீர்கள்.

பவுல் உயிர்த்த கிறிஸ்துவை முதற்கனி என்கிறார், 1 கொரிந்தியர் 15:20. பார்லி அறுப்பின் முதல் கதிர்க்கட்டை ஆலயத்தில் கொடுக்கும் வழக்கம் அவர் மனதில் இருந்திருக்கும். முதற்கனி என்றால் பின்னால் வயல் முழுக்க அறுப்பு இருக்கிறது என்று பொருள்.

படி 9: அடுத்த 50 நாள்

தவக்காலத்துக்கு 40 நாள் ஓடுகிற நாம் உயிர்ப்புக் காலத்தின் 50 நாளைச் சீண்டுவதே இல்லை. திங்கள்கிழமை வேலைக்குப் போனதும் ஈஸ்டர் முடிந்தது. மரம் பார்க்கும் வழக்கத்தை, 50-ம் நாளான பெந்தகோஸ்துவரை தொடருங்கள். வேப்பம்பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும், சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும், நுங்கு வண்டிகள் வரும். பழைய கணக்குப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும்தான். ஆகவே பல ஆண்டுகளில் நம் வசந்தம் ஈஸ்டருக்குப் பிறகே தொடங்குகிறது. வாரம் ஒருமுறை ஒரு நல்ல விருந்து, யாராவது ஒருவரைக் கூப்பிட்டு. வாசல் பானையை இப்போது எடுத்துவிடாதீர்கள், இனிமேல்தான் அதற்குத் தேவை அதிகம். 2026-ல் பெந்தகோஸ்து மே 24, அக்னி நட்சத்திரம் இன்னும் முடிந்திருக்காது. 2027-ல் மே 16, 2028-ல் ஜூன் 4.